நாகைப் பெரும்பள்ளி: அயல்நாட்டுத் துறைமுகத்தில் கடாரத்தரசர் இட்ட முதல்

கடல் கடந்த நாடொன்றன் துறைமுகத்தில் மற்றொரு நாடு பொருளிட்டு உரிமை பெறுதல் இக்கால அரசியலில் பெரிதும் ஆராயப்படும் செய்தியாகும். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனமொன்றன் பொறுப்பில் விடப்பட்டது. ஈரான் நாட்டுச் சாபகார்த் துறைமுகத்தின் ஒரு பகுதியைப் பத்தாண்டுக் காலம் நடத்துதற்கு இந்திய நிறுவனமொன்று 2024-இல் உடன்படிக்கை செய்துகொண்டது. இத்தகைய முயற்சிகளைக் குறித்து எழுவது ஒரே வினாதான். இரு நாடுகளின் நட்பு முறியும் நாளில், அயலான் துறையில் இட்ட பொருள் இட்டவனுக்கு யாது பயன் தரும் என்பதே அவ்வினா.

இவ்வினாவுக்கு விடை காணுதற்குரிய பழஞ்சான்றொன்று நம் நாட்டுச் செப்பேடுகளிலேயே உளது. கி. பி. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீவிசயத்துக்கும் கடாரத்துக்கும் உரிய சைலேந்திர மரபினர் சோழநாட்டு நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுப்பித்தனர். இருபதாண்டு கழியுமுன் சோழரின் கப்பற்படை அவர் நாட்டைத் தாக்கியது. அதற்கும் அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், கடாரத்தரசன் தூதர் சோழ வேந்தன் முன் நின்று அவ்விகாரத்தின் உரிமைகளைப் புதுப்பித்துப் பெற்றனர். பள்ளி எழுந்ததும் போர் நிகழ்ந்ததும் உரிமை நிலைத்ததும் ஆகிய இம்மூன்றும் ஒருசேர வைத்து ஆராயத்தக்கன.

அறிஞர் சிலர் இவ்விகாரத்தைச் சமயப் பொறையின் சின்னமாகப் போற்றினர். வேறு சிலர் இதனை இரு பேரரசுகளின் நட்புக்கு அடையாளமாகக் கொண்டு, அந்நட்பு கி. பி. 1025-இல் அழிந்தமையின் முயற்சியும் பயனற்றொழிந்தது என்பார்போல எழுதினர். இவ்விரு கருத்தும் முழுமையுடையன அல்ல என்பது எமது துணிபு. நாகையில் இட்ட முதல் போரைத் தடுக்கவில்லை. தடுத்தற்கென இடப்பட்டதும் அன்று. போருக்குப் பின்னும் அத்துறையில் தமக்கென ஓர் இடம் எஞ்சியிருக்கச் செய்ததே அதன் பயன். அவ்விடம் எஞ்சியமைக்குக் காரணம், அம்முதல் இட்டவனது தனியுடைமையாக நில்லாது சோழநாட்டின் நிலவுரிமையோடும் வரிக்கணக்கோடும் ஊர்ச்சபைகளோடும் பின்னிப் பிணைந்தமையே என்பதை இக்கட்டுரையில் நிறுவ முயல்கின்றோம்.

1. முதல் என்னும் சொல்

சமயக் கொடையை முதலீடு என்றல் பொருந்துமோ என ஐயுறுவார் உளர். முதலீடு என்னுஞ் சொல்லாட்சி இக்காலத்ததே. ஆயினும் அதன் கருத்து நம் கல்வெட்டுகளுக்குப் புதிதன்று. கோயிலுக்கு அளித்த பொன்னை ஊர்ச்சபையாரோ வணிகரோ பெற்றுக்கொண்டு, முதல் கெடாமற் காத்து, ஆண்டுதோறும் பலிசை அளந்து, அதனால் விளக்கெரித்தலும் அமுதுபடி செய்தலும் நூற்றுக்கணக்கான சோழர் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடும்பொழுது அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வழங்கினர். ஆடு சாகும்; மூப்படையும். ஆயின் பெற்றுக்கொண்டவன் அத்தொகையைக் குறையாமல் வைத்திருத்தற்குக் கடமைப்பட்டவன் ஆதலின், கணக்கில் அவை சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை.

அழியா முதல் ஒன்றனை நிறுவி அதனின்று இடையறாப் பயன் கொள்ளுதலே அறக்கட்டளையின் இலக்கணம் என அக்காலத்தார் தெளிந்திருந்தனர் என்பது இதனாற் புலனாகின்றது. அறமும் பொருட்கணக்கும் அவர்க்கு முரண்பட்டன அல்ல. ஆகவே நாகை விகாரத்தை அறம் என்றல் பொருந்துமாறு போலவே முதல் என்றலும் பொருந்தும். அம்முதல் எவ்வகைப் பயனை நோக்கியது என்பதே ஆராய்தற்குரியது.

2. காற்றும் காத்திருப்பும்

பாய்மரக் கலங்கள் இயங்கிய காலத்தில் வங்கக் கடலைக் கடத்தல் கலஞ்செலுத்துவோன் விருப்பத்தைப் பொறுத்ததன்று, காற்றைப் பொறுத்தது. வடகீழ்ப் பருவக்காற்றில் கீழைக்கடலினின்று மேற்கு நோக்கி வருதல் எளிது. திரும்புதற்குத் தென்மேற்குப் பருவக்காற்று எழும்வரை பொறுத்தல் வேண்டும். கி. பி. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீனத் துறவியாகிய இத்சிங், கடாரத்தினின்று நாகப்பட்டினம் முப்பது நாட் செலவு எனவும், ஆங்கிருந்து இலங்கை இரண்டு நாட் செலவு எனவும் குறித்துள்ளார். முப்பது நாட் கடல் கடந்தவன் தன் சரக்கை விற்று, வேறு சரக்குக் கொண்டு, காற்று மாறும்வரை சில திங்கள் கரையில் தங்கியிருத்தல் வேண்டும்.

அவ்வாறு தங்குவானுக்கு வேண்டுவன பல. பொருளைச் சேமித்து வைக்க நம்பத்தக்க இடம் வேண்டும். வழிபட ஒரு பள்ளி வேண்டும். நோயுற்றாற் பார்ப்பாரும், இறந்துபட்டாற் கடன் செய்வாரும், வழக்கு நேர்ந்தால் தன் சார்பாகப் பேசுவாரும் வேண்டும். இவையெல்லாம் ஒருங்கே பெறுதற்குரிய இடம், அயலூரில் தன் நாட்டார் பலர் ஆண்டுதோறும் கூடும் பள்ளியே. விகாரத்தை வழிபாட்டிடம் என்று மட்டும் கருதாமல், கடல்வழியின் ஓர் உறுப்பு என்றும் கருதுதல் வேண்டும்.

ஸ்ரீவிசயத்தின் செல்வம் நிலத்தினின்று வந்ததன்று. மலாக்கா நீரிணையைக் கடக்கும் கலங்கள் தன் துறைகளில் தங்கிச் செல்லுதலே அதன் வாழ்வு. நீரிணை வழியின் இடைப்பகுதியைக் காப்பவனுக்கு அதன் இருமுனைகளும் இன்றியமையாதன. கீழ்முனை சீனத்துத் துறைகள். மேல்முனைகளுள் தலையாயது சோழமண்டலக் கரை. அக்கரையில் காவிரியின் வளமிக்க கழனிகளை முதுகாகக் கொண்டு, இலங்கைக்கு அணித்தாக விளங்கிய நாகப்பட்டினத்தைச் சைலேந்திரர் தேர்ந்தது வியப்பன்று.

3. ஆனைமங்கலம்

விகாரத்தின் வரலாற்றை உணர்த்தும் தலையாய சான்று ஆனைமங்கலச் செப்பேடுகளாகும். ஒல்லாந்தர் காலத்தில் இந்நாட்டினின்று கொண்டு செல்லப்பெற்று, 1862-இல் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தமையின் இவை லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. அவற்றுள் பெரியது இருபத்தோர் ஏடுகளை உடையது. ஐந்து ஏடுகள் வடமொழியிலும் பதினாறு ஏடுகள் தமிழிலும் அமைந்தவை.

முதலாம் இராசராச சோழன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில், அஃதாவது கி. பி. 1005-06-இல், சத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டனக்கூற்றத்து ஆனைமங்கலம் என்னும் ஊரை நாகப்பட்டினத்து விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். விகாரத்தை எடுப்பித்தவன் யார் என்பதில் இரு பகுதிகளும் சிறிது வேறுபடுகின்றன. தமிழ்ப் பகுதி, கடாரத்தரையன் சூளாமணிவர்மன் அப்பொழுது எடுப்பித்துக்கொண்டிருந்த பள்ளி என்கின்றது. வடமொழிப் பகுதியோ, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் அமைத்தது என்கின்றது. தந்தை தொடங்கியதை மைந்தன் முடித்தான் எனக் கொள்ளின் இவ்வேறுபாடு நீங்கும். சோழர் பக்கத்திலும் இராசராசன் ஆணையிட்டதை அவன் மறைவுக்குப் பின் மகன் இராசேந்திரன் நிலைபெறுஞ் சாசனமாக்கினான் என வடமொழிப் பகுதியால் அறிகின்றோம். இருபுறத்தும் இரு தலைமுறை இம்முயற்சியில் ஈடுபட்டமை கருதத்தக்கது.

இக்கொடையின் அளவு சிறியதன்று. ஆனைமங்கலத்து நிலம் தொண்ணூற்றேழு வேலிக்குச் சற்று மிகுதி. அதற்குரிய காணிக்கடன் 8,943 கலத்துக்குச் சற்று மிகுதியான நெல். வகுத்து நோக்கின் வேலி ஒன்றுக்கு ஏறத்தாழ 92 கலம் ஆகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த ஊர்களில் காணிக்கடன் வேலிக்கு நூறு கலத்தை ஒட்டியிருத்தல் அக்கோயிற் கல்வெட்டுகளால் தெளிவாம். எனவே அயலாருக்குக் களரும் கரம்பும் கொடுத்துக் கைகழுவினான் அல்லன் அரசன். தன் கோயிலுக்கு ஈந்ததை ஒத்த நன்செய் நிலத்தையே ஈந்தான்.

பொருள் இட்டோர் இருவர் என்பது இதனாற் பெறப்படும். கட்டடத்துக்குரிய செலவு கடாரத்தது. நாடோறும் ஆகும் செலவு காவிரிக் கழனியினது. கடல் கடந்து ஆண்டுதோறும் பொருள் வந்தாலன்றி இயங்காத நிறுவனம் ஒரு புயலாலும் ஒரு பகையாலும் முடங்கிவிடும். நாகை விகாரமோ தன் உணவை அண்டைக் கழனியினின்றே பெற்றது. கடாரத்தினின்று பல்லாண்டு ஒரு கலமும் வாராதொழியினும் அங்கு அடுப்பு எரியும், விளக்கும் எரியும்.

கொடை நிறைவேற்றப்பெற்ற முறையும் நோக்கத்தக்கது. அரசன் திருவாய்மொழிந்த ஆணையை அலுவலர் எழுதிக்கொண்டனர். அது வரிக்கணக்கில் ஏறிற்று. பிடியானையை நடத்தி எல்லை வகுத்தனர். அண்டை ஊர்களின் சபையாரும் ஊராரும் அவ்வெல்லைக்குச் சான்றாகக் கையெழுத்திட்டனர். தமிழ்ப் பகுதியின் பதினாறு ஏடுகளை நிரப்புவன பெரும்பாலும் இச்செயல்முறையும் எல்லைக்குறிப்பும் கையெழுத்துகளுமே. இலக்கியச் சுவை நாடுவார் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவர். எமது கருத்தில் சாசனத்தின் உயிர்நிலை இதுவேயாம். வேந்தனின் நட்பை மட்டும் நம்பிய உரிமை அவன் மனம் மாறும்பொழுது மாறும். அண்டை ஊர்கள் பலவும் ஒப்பி, வரிப்பொத்தகத்திலும் பதிந்த உரிமையை மாற்றுதற்கு அத்துணை ஊர்களின் நிலக்கணக்கையும் கலைத்தல் வேண்டும்.

4. ஊர்க்கோயிலிற் பொன்

சைலேந்திரர் தம் சமயத்தார்க்குரிய பள்ளியோடு அமையவில்லை. நாகப்பட்டினத்துக் காயாரோகணர் கோயிலில், முதலாம் இராசேந்திரனின் தொடக்க ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள் சில உள. ஸ்ரீவிசயத்தரையர், கிடாரத்தரையர் ஆகியோரின் கன்மிகள் அக்கோயில் வெள்ளித் திருமேனியாகிய நாகையழகருக்கு அணிகலன்கள் அளித்ததையும், சீனக் கனகம் எனப்பட்ட பொன் அறத்துக்கு முதலாக வைக்கப்பெற்றதையும் அவை தெரிவிக்கின்றன. கன்மி என்பான் அரசன் காரியங்களை அயலூரில் நடத்தும் பணியாளன்.

புத்தனை வழிபடும் அரசனின் பணியாளர் சிவபெருமானுக்கு அணி செய்வித்தது ஏன்? சமயப் பொறை என்று சொல்லி அமைதல் எளிது, அது பொய்யுமன்று. ஆயினும் துறைமுக நகரில் ஊர்க்கோயில் யாது என்பதையும் எண்ணுதல் வேண்டும். ஊரின் பெருமக்கள் கூடுமிடமும் பொன்னும் நெல்லும் கணக்கிடப்படுமிடமும் கல்லில் எழுதி உரிமையை நிலைநாட்டுமிடமும் அதுவே. அங்குக் கொடை வைத்தவன் பெயர் ஊரார் கண்முன் என்றும் நிற்கும். விகாரம் கடாரத்தார்க்கு நாகையில் ஒரு வீடு தந்தது; காயாரோகணர் கோயிற் கொடையோ நாகை மக்களிடையே அவர்க்கு ஓர் உறவு தந்தது. வீடிருந்தும் ஊருறவு இல்லாதவன் நெடுநாள் அவ்வூரில் வாழ்தல் அரிது.

அப்பொன் சீனக் கனகம் எனப்பட்டதும் பொருளுடைத்து. கீழ்முனையில் ஈட்டிய பொன்னை மேல்முனையில் முதலாக வைத்தனர் கடாரத்தார். இருமுனைகளையும் இணைக்கும் வழி தம்முடையது என்பதை ஊரறியச் செய்தற்கு இதனினும் தக்க வழி வேறில்லை.

5. மறுகரையில்

கீழ்முனையிலும் அவர் செய்கை இதனையே ஒத்திருந்தது. சோங் மரபின் வரலாற்றேடு தரும் செய்தி ஈண்டு நினைக்கத்தக்கது. கி. பி. 1003-இல் ஸ்ரீவிசயத்துச் சூளாமணிவர்மனின் தூதர் சீனப் பேரரசன்பாற் சென்று, அப்பேரரசன் நீடு வாழ வேண்டித் தம் நாட்டில் ஒரு புத்த ஆலயம் எடுத்திருத்தலைக் கூறி, அதற்கு ஒரு பெயரும் மணிகளும் வேண்டினர். பேரரசன் இரண்டையும் நல்கினான். நாகைப் பள்ளிக்கு இராசராசன் ஊர் அளித்தது இதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளின் பின்னரே. அதே மன்னன் ஒரே காலத்தில் ஒருபுறம் சீனத்து மணிகளையும் மறுபுறம் சோழநாட்டு நெல்லையும் பெற்றான். இதனைத் தற்செயல் என்றல் ஒவ்வாது. இருகரையும் நோக்கிய ஒரே கொள்கை என்றலே தகும்.

கி. பி. 1079-இல் பொறிக்கப்பெற்ற காண்டன் நகரத்துக் கல்வெட்டொன்றும் இவ்வாறே பேசுகின்றது. கலகத்தில் அழிந்த தாவோ சமயக் கோயிலொன்றனை ஸ்ரீவிசயத் தலைவன் ஒருவன் தன் பணியாளரைக் கொண்டு புதுக்கிய வரலாற்றை அது கூறும். அத்தலைவனை முதலாம் குலோத்துங்கனாகவே கொள்வாரும் உளர். அக்கருத்து ஏற்கப்பெற்ற முடிபன்று. எவ்வாறாயினும் நாகையிற் சிவன் கோயிலுக்கும் காண்டனில் தாவோ கோயிலுக்கும் செய்யப்பெற்றவை ஒரே நெறியின என்பது வெளிப்படை. அயலூர்த் துறையில் அவ்வூரார் போற்றும் இடத்திலேயே பொருளிடுதல் ஸ்ரீவிசயத்தார் பழகிய முறை போலும்.

6. கி. பி. 1025

இத்துணையும் செய்தும் போர் வந்தது. தன் தந்தையின் கொடையைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்த அதே இராசேந்திரன், கி. பி. 1025-இல் அலைகடல் நடுவிற் பல கலங்களைச் செலுத்தினான். கடாரத்தரசன் சங்கிராமவிசயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் முதலாகப் பதின்மூன்று இடங்கள் தாக்குண்டமையை அவன் மெய்க்கீர்த்தி நிரல்படக் கூறுகின்றது. அவ்விடங்களை நிலப்படத்தில் வைத்து நோக்கின், பெரும்பாலன நீரிணையின் இருமருங்கிலும் அதன் வாயிலிலும் அமைந்தனவாதல் தோன்றும்.

போரின் காரணத்தை மெய்க்கீர்த்தி கூறவில்லை. ஆயினும் சோழர் சீனத்துடன் நேர்த்தொடர்பு நாடியது அறிந்ததே. இராசராசன் விடுத்த தூது கி. பி. 1015-இல் சீனத்தை அடைந்தது. 1033-இலும் 1077-இலும் மீண்டும் தூதுகள் சென்றன. இடைவழியைத் தன் கையில் வைத்திருந்த ஸ்ரீவிசயம் இந்நேர்த்தொடர்பை விரும்பியிராது எனக் கருதுதல் இயல்பே. கி. பி. 1106-இலும் சீன அரசவையில் சோழநாடு ஸ்ரீவிசயத்துக்கு அடங்கியது என்றொரு பிழைபட்ட கருத்து நிலவியது என அந்நாட்டேடு காட்டுகின்றது. வழியைக் காப்பவன் தன் வாயாலேயே பிறர் வரலாற்றையும் கூறிவந்தான் போலும்!

எனவே நாகை விகாரம் போரைத் தடுத்தற்கு வலியற்றதாயிற்று என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். பேரரசர்களுக்கு நீரிணையின் ஆட்சி பெரும்பொருள். ஒரு துறைமுகப் பள்ளியின் நன்றிக்கடன் அதனை நிறுத்தப் போதாது. அயல்நாட்டுத் துறையில் பொருளிட்டோம், இனி அவன் நம்மேற் படை செலுத்தான் என்று எண்ணியிருப்பான் ஒருவனாயின் அவன் ஏமாற்றமடைவான். இவ்வளவில் வரலாறு கூறும் பாடம் கடுமையானதே.

7. கி. பி. 1090

ஆயின் கதை ஆண்டு முடியவில்லை. கி. பி. 1068-69 அளவில் வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, தன்னை அடைந்த அரசனுக்கே அதனை மீட்டளித்தான் என்பது அவன் கல்வெட்டாற் பெறப்படும். பகையும் உறவும் இவ்வாறு மாறிமாறி வந்த பின்னர், முதலாம் குலோத்துங்கனின் இருபதாம் ஆட்சியாண்டில், கி. பி. 1090-ஐ ஒட்டி, மூன்று ஏடுகளை உடைய சிறிய லெய்டன் சாசனம் வெளிவந்தது. குலோத்துங்கன் ஆயிரத்தளி அரண்மனையில் வீற்றிருந்தபொழுது, கடாரத்தரசன் தூதராகிய இராசவித்தியாதர ஸ்ரீசாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும் வேண்டிக்கொண்டனர். நாகையில் கடாரத்தரசன் எடுப்பித்த பள்ளிகளுக்குரிய பள்ளிச்சந்த ஊர்கள் அந்தராயம், வீரசேஷை முதலிய வரிகளினின்று நீக்கப்பெறுதல் வேண்டும். முன்பிருந்த காணியாளரை விலக்கிப் பள்ளிச் சங்கத்தார்க்கே காணியுரிமை வழங்குதல் வேண்டும் என்பன அவர் வேண்டுகோள். அரசன் இசைந்தான்.

இச்சாசனத்தினின்று மூன்று செய்திகள் விளங்குகின்றன. முதலாவது, போர் நிகழ்ந்து அறுபத்தைந்து ஆண்டு சென்ற பின்னும் பள்ளி அழியவில்லை. அதற்குரிய ஊர்களும் பறிக்கப்பெறவில்லை. கடாரத்தைச் சூறையாடிய சோழன் தன் நாட்டிலுள்ள கடாரத்தான் பள்ளியைத் தொடவில்லை. தன் தந்தையின் ஆணையாய், தன் சாசனமாய், தன் ஊர்ச்சபைகளின் கையெழுத்தாய் நிற்பதைத் தொடுதல் தன்னையே மறுத்தலாகும்.

இரண்டாவது, அப்பொழுது பள்ளிகள் இரண்டு. அவை இராசேந்திர சோழப் பெரும்பள்ளி எனவும் இராசராசப் பெரும்பள்ளி எனவும் வழங்கின. பின்னையது சைலேந்திர சூடாமணிவர்ம விகாரத்துக்கே மறுபெயராகும். ஊரும் சோழகுலவல்லிபட்டினம் எனப் பெயர் பெற்றிருந்தது. அயலரசன் தந்தையின் பெயரும் உள்ளூர் வேந்தன் பெயரும் ஒரே பள்ளிக்கு உரியவாயின. கடாரத்தான் தன் பெயரே விளங்க வேண்டும் என்று பிடிவாதம் செய்திருப்பின் அப்பள்ளி பகைவன் சின்னமாகவே எண்ணப்பட்டிருக்கும். பெயரை விட்டுக்கொடுத்து இடத்தைக் காத்துக்கொண்டனர் எனல் தகும்.

மூன்றாவது, முறிந்த தொடர்பை மீண்டும் தொடுத்தற்கு அப்பள்ளி ஒரு வாயிலாயிற்று. தோற்ற நாட்டின் தூதர் வென்ற நாட்டின் அவைக்கு வருங்கால் எதைப் பேசுதல் கூடும்? பழம்பகையைப் பேசின் அவமதிப்பு. உதவி வேண்டின் இழிவு. இருவர்க்கும் உரிய அறமொன்றனைப் பற்றிப் பேசுதலோ இருவர்க்கும் மதிப்பு. வரி நீக்கம் வேண்டி வந்த அத்தூது, வரி நீக்கத்தோடு ஓர் அரசியல் உறவையும் பெற்றுச் சென்றது என யாம் கருதுகின்றோம்.

இங்கே மற்றொன்றையும் மறைத்தல் கூடாது. பழங்காணியாளர் விலக்கப்பெற்றனர் என்றால், தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தில் உரிமை பெற்றிருந்த குடிகள் அதனை இழந்தனர் என்பதே பொருள். அவர்கள் பெயரும் கூற்றும் சாசனத்தில் இல்லை. துறைமுகத்தில் இரு வேந்தர் இட்ட முதலுக்கு ஒரு பங்கு விலையை ஆனைமங்கலம் முதலிய ஊர்களின் காணியாளர் கொடுத்தனர். அரசரின் நன்மையை எழுதும் வரலாறு இவ்விலையையும் கணக்கில் எழுதுதல் வேண்டும்.

8. தமிழ் வணிகர் கற்றது

அயல்துறையில் இவ்வாறு இடம் தேடிக்கொள்ளுதல் கடாரத்தார்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் வணிகரும் இந்நெறியை அறிந்திருந்தனர். தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபாவில் கிடைத்த கி. பி. 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் தோண்டப்பெற்று, மணிக்கிராமத்தாரும் சேனாமுகத்தாரும் முதலியோர் காவலில் வைக்கப்பெற்றதைக் கூறுகின்றது. கடலோடிக்கு உப்பில்லாத நீரினும் சிறந்த முதல் வேறு யாது? சுமத்திரைத் தீவின் மேற்குக் கரையில் பாரூசை அடுத்த லோபுதுவாவில் சக ஆண்டு 1010-இல், அஃதாவது கி. பி. 1088-இல், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் நாட்டிய தமிழ்க் கல்வெட்டு, அத்துறைக்கு வரும் மரக்கல நாயகர் முதலியோர் பொன்னாகச் செலுத்த வேண்டிய ஆயத்தை வரையறுக்கின்றது. கடாரத் தூதர் ஆயிரத்தளிக்கு வந்ததற்கு இரண்டாண்டு முன்னரே தமிழ் வணிகர் கடாரத்தார் கடலில் தமக்கென ஒரு முறைமை நிறுவியிருந்தமை இதனாற் புலனாகும்.

சீனத்துச் சுவான்சௌ நகரில் சக ஆண்டு 1203-க்கு, அஃதாவது கி. பி. 1281-க்கு, உரிய தமிழ்க் கல்வெட்டொன்று உளது. அவ்வூரில் சிவபெருமானை எழுந்தருளச் செய்த தமிழன், அது சீனத்தை ஆண்ட செகசைகானின் திருமேனி நன்றாக வேண்டிச் செய்தது என்கின்றான். குப்லாய் கானே இவ்வாறு சுட்டப்பெற்றான் என்பர். தன் தெய்வத்துக்குக் கோயில், ஆளும் வேந்தனுக்கு அதன் நலம் எனும் இம்முறை, நாகையில் சைலேந்திரர் செய்ததன் எதிரொலியே போல்கின்றது.

9. எஞ்சியது

ஸ்ரீவிசயம் பின்னர் மறைந்தது. சோழர் பேரரசும் கி. பி. 13-ஆம் நூற்றாண்டில் மறைந்தது. நாகையில் பௌத்தம் அதன்பின்னும் வாழ்ந்தது. பர்மிய நாட்டுப் பெகுவில் கி. பி. 1476-இல் பொறிக்கப்பெற்ற கலியாணிக் கல்வெட்டுகள், கலமுடைந்து கரையேறிய தேரர் சிலர் நாகப்பட்டினத்துக்கு வந்து ஆங்கிருந்த புத்தர் இடத்தை வழிபட்டமையைக் குறிப்பிடுகின்றன. ‘புதுவெளிக் கோபுரம்’ என மக்கள் வழங்கிய செங்கற் கட்டடமொன்று அந்நகரில் 1867 வரை நின்று, அவ்வாண்டில் இடிக்கப்பெற்றது. 1856 முதல் அப்பகுதியில் அகழ்ந்தெடுக்கப்பெற்ற புத்தர் செப்புத்திருமேனிகள் முந்நூற்றைம்பதை ஒட்டியவை. கலமுடைந்த துறவி ஒருவன் முன்பின் அறியாக் கரையில் தனக்கெனவும் ஓரிடம் உண்டு என அறிந்து நடந்து சென்றானே, அதுவே ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இட்ட முதலின் பலிசை என்க.

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இவை. அயல்நாட்டுத் துறைமுகத்தில் இடும் பொருள் படைக்கு மாற்றாகாது. வேந்தர்தம் பேராசையை அது தடுத்து நிறுத்தாது. அதன் வலிமை நட்புக் காலத்தில் புலப்படுவதினும் நட்பு முறிந்த பின்னரே மிகுதியும் புலப்படும். அவ்வலிமையும் இட்ட பொருளின் அளவாற் பிறப்பதன்று. அந்நாட்டு மண்ணில் உணவு பெற்று, அந்நாட்டுக் கணக்கில் எழுதப்பெற்று, அவ்வூரார் கையெழுத்தும் அவ்வேந்தன் பெயரும் தாங்கி நிற்கும் அளவுக்கே அது நிலைபெறும். இட்டவனுக்கே முழுதும் உரியதாய் நிற்பது அவனோடு வீழும். இருவர்க்கும் உரியதாய் ஆனதே இருவர் பகையையும் கடந்து வாழும்.

அவ்வாறு நிலைபெறுங்கால் அதன் சுமையைத் தாங்குவோர் யார் என்னும் வினாவையும் ஆனைமங்கலச் செப்பேடுகள் நம்முன் வைக்கின்றன. துறைமுகத்தை நோக்கும் அரசியலறிஞர் கடலையே பார்ப்பர்; செப்பேட்டை எழுதியவர் கழனியையும் அளந்து எழுதினர். பெரிய சாசனத்தின் பதினாறு தமிழ் ஏடுகளிலும் கையெழுத்திட்டோர் பெயர்களை ஊர்வாரியாகத் தொகுத்து, சிறிய சாசனத்தில் உரிமை இழந்த காணியாளரின் நிலையோடு ஒப்பு நோக்கும் ஆய்வு முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்கது. வேந்தர் இருவரின் வரலாறு ஒருவாறு எழுதப்பட்டுவிட்டது. அக்கழனிக்குரியோரின் வரலாறு இன்னும் எழுதப்படவேண்டியதே.